தட்டில் நின்ற நீர்

டார்ச்சும் உறிஞ்சு குழலும்
கழுத்தில் தொங்கும் அட்டையுமாக
இந்த வாரம் ஈசூனில் கதவு தட்டுகிறேன்.
"கொசு பார்க்க வந்திருக்கிறேன்" என்றால்
முகம் சுளிக்கிறவர்கள்
"உங்கள் செடிகளைப் பார்க்கலாமா" என்றால்
செருப்புகளைக் காலால் ஒதுக்கி
வழி விடுகிறார்கள்.
பயிற்சியில் இதைச் சொல்லித் தரவில்லை.

பதினோராம் மாடி ரொஸ்னா
மணி பிளாண்டை ஜன்னல் கம்பியில் ஏற்றி
குளியலறை வரை கூட்டிப் போயிருக்கிறார்.
குளிக்கும்போது பேச்சுத் துணையாம்.
இரண்டு வீடு தள்ளி கோ அங்கிள்
ஒவ்வோர் இலையையும் பழைய பனியனால் துடைக்கிறார்,
மூக்குக் கண்ணாடி துடைப்பதுபோல்
முதலில் ஊதிவிட்டு.
ஏழாம் மாடியில் ஒரு வீடு முழுக்கப் பிளாஸ்டிக் செடிகள்.
கடமை, தட்டுகளைத் தூக்கிப் பார்த்தேன்.
தூசி மட்டும்.
நன்றி சொல்லிவிட்டு இறங்கினேன்.

இத்தனை வருடத்தில் ஒன்று தெரிந்தது.
தாகத்தால் சாகிற செடி குறைவு.
வேர் அழுகி வாடை அடிப்பதெல்லாம்
நாள் தவறாமல் ஊற்றுகிறவர்கள் வீட்டில்தான்.
"தினமும் ஊற்றுகிறேனே" என்பார்கள்
நான் எதுவும் கேட்காமலே.
மஞ்சள் இலையைக் கண்டு பயந்து
இன்னும் ஒரு குவளை.
விரலை விட்டுப் பாருங்கள், முதல் கணு வரைக்கும்.
ஈரம் ஒட்டினால் இன்றைக்குச் சும்மா இருங்கள்.
சும்மா இருப்பதுதான் அவர்களுக்குக் கஷ்டம்.
என் படிவத்தில் இதற்குக் கட்டமும் இல்லை.

புக்கிட் பாத்தோக்கில் என் வீடு.
அங்கே ஒரே ஒரு செடி,
கம்பெனி விருந்தின் குலுக்கலில் விழுந்த அமைதி அல்லி.
இளஞ்சேரனுக்கு விமான நிலையத்தில் இரவு வேலை.
நான் புறப்படும்போது அவன் லிஃப்டில் வருவான்,
அவன் புறப்படும்போது நான்.
வீட்டில் எப்போதும் யாராவது ஒருவர்
தூங்கிக்கொண்டிருப்போம்.

நேற்று ஊருக்கெல்லாம் அடித்த டார்ச்சை
சட்டைப்பையில் வைக்கும் முன்
ஏனோ கீழே திருப்பினேன்.
தட்டில் விளிம்பு வரை நீர்.
நீரில் கூத்தாடிகள்.
பதினொன்று, எண்ணினேன், பழக்கதோஷம்.
வெளிச்சம் பட்டதும் தலைகீழாகப் பாய்ந்து
ஆட்டம் போட்டன,
பெயர் வைத்தவன் சரியாகத்தான் வைத்திருக்கிறான்.
கை தானாகப் படிவத்தை எடுத்தது.
குடியிருப்பவர் பெயர்?
பேனா அங்கே நின்றது.

அவனை எழுப்பினேன்.
"செடிக்கு நீ ஊத்துறியா?"
"வேலைக்குப் போகும்போது. தினமும்.
நீ மறந்துடுவேன்னு."
"நான் காலையில ஊத்துறேன். தினமும்.
நீ மறந்துடுவேன்னு."
கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.
போர்வைக்குள் இருந்தே கேட்டான்,
"எவ்வளவு அபராதம்?"

தட்டு நீரைத் தாழ்வாரத்துச் சூட்டுத் தரையில் கொட்டினேன்.
கூத்து முடிய ஐந்து நிமிடம்.
தொட்டியைச் சாய்த்து வேரைப் பார்த்தேன்,
பாதி பழுப்பு, பாதி இன்னும் வெள்ளை.
பழுப்பைக் கத்தரித்து
புதிய மண்ணில் தேங்காய் நாரும் கலந்து
திரும்ப நட்டேன்.
ஐஸ்கிரீம் குச்சி ஒன்றைக் கழுவி
மண்ணில் செருகி வைத்தேன்.
மண் ஒட்டி வந்தால் ஊற்றாதே, அவ்வளவுதான் சட்டம்.
குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டவில்லை.
தூக்கத்தில் சொன்னேன், அவன் தூக்கத்தில்,
ம் என்றான்.

இன்று காலை குச்சியை உருவினேன்.
ஈரம். ஊற்றவில்லை.
குவளையைக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலைக்குப் போனேன்.
நாற்பது கதவு, எட்டுத் தட்டு, ஒரு சண்டை.
சாயங்காலம் திரும்பியபோது
அவன் கிளம்பிவிட்டிருந்தான்.
இலைகள் இன்னும் தொங்கித்தான் கிடந்தன.
தட்டு காய்ந்திருந்தது.
நான் இடப்பக்கம் செருகியிருந்த குச்சி
வலப்பக்கம் நின்றது.